விக்கிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: முதலில் கமிட், அப்புறம் புல் (pull)

கோத்தகிரியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சோலைக்காட்டுச் செடிகளுக்கு ஒரு விக்கி எழுதி வருகிறோம். பக்கங்கள் எல்லாம் மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் உரை) கோப்புகள், திருத்தங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் (Git) மென்பொருளில் இருக்கின்றன. மழைக்காலத்தில் கரண்ட் போனால் நெட்டும் போய்விடும். எழுதியதை அனுப்ப மறந்துவிடுவோம், அதற்குள் இன்னொருவர் அதே பக்கத்தைத் திருத்தியிருப்பார். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்ற ஒரே வரியை இருவர் மாற்றி எழுதி, ஒரு மாலை முழுக்க அந்த மோதலைப் பிரித்தெடுத்தோம்.

இப்போது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இதைப் பார்த்துக்கொள்கிறது. வரிசைதான் முக்கியம்: கிட் ஆட் (திருத்தங்களைப் பதிவுக்குச் சேர்ப்பது), கமிட் (அவற்றைப் பதிவு செய்வது), அதன் பிறகு ரீபேஸ் சேர்த்த புல் (மற்றவர்களின் திருத்தங்களை இறக்கி, நம்முடையதை அவற்றின் மேல் வைப்பது), கடைசியில் புஷ் (நம்முடையதை அனுப்புவது). கமிட் செய்யாத திருத்தங்கள் கிடந்தால் ரீபேஸ் புல்லை கிட் மறுத்துவிடும். மாற்றமே இல்லாதபோது கமிட் பிழை காட்டும்; அதனால் ஆட் முடிந்ததும், வித்தியாசத்தைக் காட்டும் டிஃப்பை --cached சேர்த்துப் போட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் கமிட்டை மட்டும் தாண்டுங்கள்.

மோதல் வந்தால் ஸ்கிரிப்ட் ரீபேஸ் அபார்ட் கொடுத்து, அதாவது பாதியில் நின்ற ரீபேஸைக் கைவிட்டு, உங்களுக்குத் தகவல் சொல்லட்டும். எந்த வரி சரி என்பதை எழுதியவர்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் அனுப்பியதை அழித்து எழுதும் ஃபோர்ஸ் புஷ்ஷை மட்டும் ஸ்கிரிப்டில் எழுதவே எழுதாதீர்கள், அடுத்தவர் உழைப்பு சத்தமில்லாமல் போய்விடும்.

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானே ஓட்டும் கிரானில் (cron) 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டால் போதும். ஓர் ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்காமலிருக்க எஃப்லாக் (flock) என்ற பூட்டுக் கட்டளையைச் சேருங்கள்; நெட் இழுக்கும் நாட்களில் கட்டாயம் தேவைப்படும்.