டேட்டாபேஸை உருவாக்கினால் போதாது, உள்ளே போக வேண்டும்

அக்காவின் தையல் கடை அளவு நோட்டை மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் (தகவல் சேமிக்கும்) மென்பொருளில் ஏற்றக் கிளம்பி, கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டிக் கற்றது இது. கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

முதலில் டெர்மினலில், அதாவது அந்தக் கறுப்புத் திரையில்: மைஎஸ்கியூஎல் -யூ ரூட் -பி

பாஸ்வேர்டு கொடுத்ததும் மைஎஸ்கியூஎல்> என்று வந்து நிற்கும். அங்கே:

கிரியேட் டேட்டாபேஸ் டெய்லர்;

'க்வெரி ஓகே' என்று வந்தால் வேலை முடிந்தது. கடைசியில் உள்ள அரைப்புள்ளியை மறந்தால் அடுத்த வரியில் -> என்று வந்து சும்மா நிற்கும். கம்ப்யூட்டர் தொங்கிவிட்டது என்று முதல் நாள் ஜன்னலையே மூடிவிட்டேன். ஒரு அரைப்புள்ளி போட்டு என்டர் தட்டியிருந்தால் போதும்.

பெயரை முழுக்கச் சின்ன எழுத்தில் வையுங்கள். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு பெயர்கள். ஹைபனும் வேண்டாம், அடிக்கோடு போடுங்கள். மைஎஸ்கியூஎல் 8.0க்கு முந்தைய பதிப்பு என்றால் பெயருக்குப் பின்னால் 'கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4' என்றும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக மாறலாம்.

ஷோ டேட்டாபேஸஸ்; என்று கேட்டால் பட்டியலில் டெய்லர் இருக்கும். ஆனால் நீங்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறீர்கள். இப்போதே டேபிள் (தகவல்களை வைக்கும் அட்டவணை) போட முயன்றால் 1046 என்ற பிழை வரும். உள்ளே போக:

யூஸ் டெய்லர்;

ஒவ்வொரு முறை நுழையும்போதும் இதைச் சொல்ல வேண்டும். அலுப்பாக இருந்தால் முதல் கட்டளையின் கடைசியில், -பிக்குப் பிறகு இடைவெளி விட்டு, டெய்லர் என்று சேர்த்துவிடலாம். அதைப் பாஸ்வேர்டாக எடுத்துக்கொள்ளாது. டேட்டாபேஸ் பெயர் என்று புரிந்துகொள்ளும்.

சோதனைக்கு டெய்லர்_டெஸ்ட் என்று இன்னொன்றும் வைத்திருந்தேன். ஒரு ராத்திரி அதற்குள் இருப்பதாக நினைத்து அளவு டேபிளை டிராப் செய்தேன், அதாவது அடியோடு அழித்தேன். நின்றதோ நிஜ டெய்லரில். நல்லவேளை, அக்கா நோட்டைத் தூக்கிப் போடவில்லை. தோள், மார்பு, கை நீளம் என்று இரண்டு ராத்திரி திரும்ப ஏற்றினேன். "இதுக்கு நோட்டே தேவலை"ன்னு அக்கா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

அப்புறம் எதையும் அழிக்கும் முன் செலக்ட் டேட்டாபேஸ்(); என்று கேட்டுவிடுவேன். எங்கே நிற்கிறோம் என்று பெயரைச் சொல்லும். எதற்குள்ளும் இல்லையென்றால் 'நல்' (ஒன்றுமில்லை) என்று வரும். இதைவிடச் சுலபம், உள்ளே நுழைந்ததும் ப்ராம்ப்ட் \டி> என்று அடிப்பது. அதற்கப்புறம் மைஎஸ்கியூஎல்> இருந்த இடத்தில் டேட்டாபேஸின் பெயரே நிற்கும். டெய்லர்_டெஸ்ட்> என்று தெரிந்தால்தான் டிராப் என்ற சொல்லையே தொடுகிறேன்.