ஆழமில்லாத பவளப்பாறையில் குழு டைவ்: கரையிலிருந்து இறங்குவோர் செய்யும் தவறுகள்

முதல் தவறு தண்ணீரில் கால் வைக்கும் முன்பே நடந்துவிடுகிறது. முதுகில் காற்றுச் சிலிண்டரை மாட்டிய பிறகுதான் பலர் கடலைப் பார்க்கிறார்கள். அலைகள் கூட்டமாக வரும்: பெரிய அலைகள் சில அடுத்தடுத்து, பிறகு சற்று ஓய்வு. முதுகில் பாரமில்லாமல் 10–15 நிமிடம் நின்று பார்த்தால் அந்த இடைவெளி பிடிபடும். ஓதமும் முக்கியம். ஏற்றத்தில் நீந்திக் கடந்த பாறைமேடு, திரும்பும்போது வற்றத்தில் முழங்காலளவு தண்ணீரில் நிற்கும். பிறகு பவளத்தை மிதித்துத்தான் கரையேற வேண்டும். ஆகவே வெளியேறும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பாறைகளுக்கு நடுவே மணல் வாய்க்கால் இருந்தால் நல்ல வழிதான். ஆனால் பாறைமேல் ஏறிவந்த அலைநீர் பெரும்பாலும் அந்த வாய்க்கால் வழியாகவே கடலுக்குத் திரும்பும். போகும்போது சுகமாகத் தள்ளிவிடும் நீரோட்டம், வரும்போது எதிர்த்து நிற்கும்.

இறங்கும்போது பிசிடியில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் அங்கி) கொஞ்சம் காற்று, முகத்தில் மாஸ்க், வாயில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி): மூன்றும் கணுக்கால் தண்ணீரிலேயே தயாராக இருக்கட்டும். கடல் அமைதியாக இருந்தால் இடுப்பளவு நீரில் ஜோடியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) மாட்டலாம். அலை உடையும் இடத்தில் குனியவே கூடாது. பக்கவாட்டாக, பாதத்தை மணலில் தேய்த்தபடி நகருங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப்போகும். விழுந்துவிட்டால் எழப் போராட வேண்டாம், அப்படியே நீந்திப் போய்விடுங்கள்.

மிதப்புச் சமநிலையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 20 மீட்டர் ஆழத்திலிருந்து 18-க்கு ஏறினால் பிசிடியில் உள்ள காற்று சுமார் 7 சதவீதம் விரியும். 2 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் அதுவே 20 சதவீதம். ஏறும் தூரம் ஒன்றுதான், விளைவு மூன்று மடங்கு. மூழ்குவதற்காக இடுப்பில் ஈயக் கட்டிகள் கட்டுவோம்; தேவைக்கு மேல் கட்டிய ஒவ்வொரு கிலோ ஈயத்துக்கும் ஈடாகப் பிசிடியில் ஏறத்தாழ ஒரு லிட்டர் காற்று அடைக்க வேண்டியிருக்கும். நம்மைத் தூக்கியடிப்பது அந்தக் காற்றுதான். மூழ்க முடியவில்லை என்று ஈயம் சேர்ப்பவர்களில் பலர், உண்மையில் மூச்சை முழுதாக வெளிவிடாதவர்கள். சோதிக்க நல்ல நேரம் டைவின் முடிவு: சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சமிருக்க, பிசிடி காலியாக, இயல்பான மூச்சைப் பிடித்தால் கண்மட்டத்தில் மிதக்க வேண்டும். நிரம்பிய சிலிண்டரோடு சோதித்தால், செலவாகப்போகும் காற்றின் எடைக்காகச் சுமார் 2 கிலோ ஈயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பவளத்தில் இடிக்காமலிருக்க மூச்சைப் பிடித்து மேலெழும்புவது இன்னும் மோசம். நுரையீரல் நிறையக் காற்றோடு ஒரு மீட்டர் சொச்சம் உயர்ந்தாலே காயம் ஏற்படலாம். ஆழமில்லாத இடத்தில் ஓர் அலையே அவ்வளவு தூக்கிவிடும். அலை முன்னும் பின்னும் ஆட்டும்போது எதிர்த்து உதைக்காதீர்கள். பின்னுக்கு இழுக்கையில் சும்மா இருந்து, முன்னுக்குத் தள்ளுகையில் ஃபின் அடித்தால் பாதி உழைப்பில் போய்ச் சேரலாம். பாறையிலிருந்து ஒரு கை நீளமாவது விலகியிருப்பது நல்லது.

குழுவாகப் போகையில் வரிசையாக நீந்தினால், முன்னால் போகிறவர் கிளப்பும் மணலைத்தான் பின்னால் வருகிறவர் பார்ப்பார். இரண்டிரண்டு பேராக, பக்கத்தில் பக்கத்தில் போங்கள். ஒருவர் எதையாவது கண்டுபிடித்தால் எல்லோரும் ஒரே இடத்தில் குவிவார்கள். இடமில்லாமல் பின்னால் நிற்பவரின் முழங்கால் பவளத்தில் இருக்கும். ஒரு ஜோடி பார்த்து விலகிய பிறகு அடுத்த ஜோடி போகட்டும்.

சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் மிச்சமிருக்கும்போது திரும்புவது என்பதைக் கரையிலேயே பேசி வையுங்கள். 200 பாரில் தொடங்கினால், யாராவது ஒருவர் 120-ஐத் தொட்டதும் மொத்தக் குழுவும் திரும்ப வேண்டும். வேகமாகக் காற்றைச் செலவழிப்பவர் கூச்சத்தில் சொல்லமாட்டார், அதனால் வழிநடத்துபவர்தான் கேட்க வேண்டும். யாராவது காணாமல் போனால் ஒரு நிமிடம் தேடிவிட்டு எல்லோரும் மேலே வரவேண்டும். படகுகள் நடமாடும் இடமென்றால், உங்கள் தலை மேலே வரும் முன்பே, படகுக்காரர்கள் கண்ணில் படும் அடையாள மிதவை மேலே போகட்டும்.

கரை தெரிந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றுவது கடைசித் தவறு. அலை உடையும் இடத்தைத் தாண்டி, முழங்காலளவு நீரில் உறுதியாக நிற்கும்வரை அது வாயிலேயே இருக்கட்டும். சிலிண்டரில் காற்றை மிச்சம் பிடித்தது அந்தச் சில நிமிடங்களுக்காகவும்தான்.