வயிற்றுவார் உரசிப் புண்ணாவது ஏன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூர்ச் சவாரிப் பள்ளிகளில், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் என்னும் பந்தய இனக் குதிரைகள் பல உண்டு. மெல்லிய தோலும் குட்டை முடியும் கொண்ட இவற்றுக்கு, சேணத்தைப் பிடித்து நிறுத்தும் வயிற்றுவார், அதாவது லாயத்தில் எல்லோரும் கர்த் என்றே சொல்லும் பட்டை, முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் தளர்ந்து கிடக்கும் தோலில் உரசிப் புண்ணாக்கிவிடுகிறது. உடனே பட்டையின் மீது பழியைப் போட்டு, ஆட்டுத்தோல் உறையோடு விலையுயர்ந்த புதியது ஒன்றை வாங்குவதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. அந்தக் கம்பளி வியர்வையை உறிஞ்சத்தான் செய்யும். துவைக்காமல் விட்டால் சில வாரங்களில் சிக்குப்பிடித்து விறைத்துப்போய், பழைய பட்டையைவிட மோசமாக உரசும்.

பெரும்பாலான புண்களுக்குக் காரணம் அழுக்கும் அவசரமும்தான். முதுகைப் பளபளவென்று தேய்ப்பவர்கள், குனிய வேண்டியிருப்பதால், நெஞ்சுக்கு அடியையும் முன்னங்காலின் இடுக்கையும் விட்டுவிடுகிறார்கள். நேற்றைய வியர்வையின் உப்பும் பயிற்சித் திடலின் செம்மண் தூசியும் அங்கே சேர்ந்து உப்புத்தாள்போல் ஆகிவிடும். இது கண்ணுக்குத் தெரியாது. கையுறையைக் கழற்றிவிட்டு, குதிரையின் தோலிலும் பட்டையின் உட்புறத்திலும் வெறும் உள்ளங்கையால் தடவினால் நெருடும். நெருடினால் சேணம் கட்டக் கூடாது.

அடுத்தது, ஒரே இழுப்பில் கடைசித் துளைவரை இறுக்குவது. சேணத்தை வைத்தவுடன் நழுவாத அளவுக்கு மட்டும் கட்டி, சிறிது நடத்திவிட்டு, இருபுறமும் சமமாக ஒவ்வொரு துளையாக ஏற்ற வேண்டும். ஏறுவதற்கு முன், முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முழங்காலுக்குக் கீழே பிடித்து மெதுவாக முன்னோக்கி நீட்டினால், பட்டைக்கு அடியில் சிக்கிய தோல்மடிப்பு விடுபடும். இந்த அரை நிமிட வேலையைத் தவிர்ப்பவர்களே அதிகம். ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் உள்ள பட்டை இன்னொரு தொல்லை: இலகுவாக நீள்வதால், எவ்வளவு இறுக்கினோம் என்பதே தெரிவதில்லை. அதற்காகத் தளர்த்திக் கட்டுவதும் சரியல்ல. தளர்ந்த பட்டை நகர்ந்து நகர்ந்தே தோலைத் தேய்க்கும்.

சேணம் முன்னோக்கி நழுவி, பட்டை முழங்கையை நெருங்கினால், மேலும் இறுக்குவது பயன் தராது. சேணம் அந்தக் குதிரையின் முதுகுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நெஞ்சுக்கூட்டின் அமைப்பே காரணம் என்றால், முழங்கைப் பக்கம் உள்வளைந்து வெட்டப்பட்ட பட்டை உதவும்.

மழைக்காலத்தில் தோல் பட்டைகள் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தோடு மூட்டைகட்டி வைக்கக் கூடாது. ஒரே பட்டையைப் பல குதிரைகளுக்கு மாற்றி மாற்றிக் கட்டினால் படர்தாமரையும் பரவும்.

முடி உதிர்ந்து தோல் சிவந்தாலே அது எச்சரிக்கை. தோல் கிழிந்தபின் தடித்த திண்டு வைத்துச் சவாரியைத் தொடர்வதும், தோலைக் கெட்டிப்படுத்துகிறேன் என்று புண்ணின்மேல் ஸ்பிரிட் தடவுவதும் கொடுமை. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கரைத்துக் கழுவி, ஆறும்வரை சேணமின்றிக் கையில் பிடித்தே நடத்த வேண்டும். வீக்கமோ சீழோ தெரிந்தால் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். புண் ஆறி முடி வளர்ந்த பின்னும், பட்டையைக் கண்டதும் காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வரும் குதிரையைச் சண்டி என்று அடிக்காமல், இரைப்பைப் புண் இருக்கிறதா என்று அவரிடமே கேட்பது நல்லது.