கிரெடிட் கார்டு பாயிண்டில் விமான டிக்கெட்: புதியவர்களுக்குப் படிப்படியாக

மாதா மாதம் பில்லை முழுசாகக் கட்டுகிற ஆளாக இருந்தால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள். 'மினிமம் டியூ' (பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் சிறு தொகை) மட்டும் கட்டிவிட்டு மீதியைத் தள்ளிப்போட்டால் பல கார்டுகளில் மாதம் 3.75 சதவீதம் வரை வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 10,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 440 ரூபாய்க்கு மேல் போய்விடும், போதாக்குறைக்குப் புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். நல்ல கார்டே நீங்கள் செலவழிக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய்தான் பாயிண்டாகத் திருப்பித் தருகிறது என்பதால், இந்த ஓட்டையை அடைக்காமல் பாயிண்ட் சேர்ப்பது வெட்டி வேலை. நெட்பேங்கிங்கில் போய் ஆட்டோ டெபிட்டை முழு பாக்கிக்கும் போட்டுவிட்டு வாருங்கள்.

படி 1: உங்கள் பாயிண்ட் எத்தனை பைசா?

விளம்பரத்தில் 5,000 பாயிண்ட், பத்து மடங்கு பாயிண்ட் என்று எண்ணிக்கையைத்தான் பெரிதாகப் போடுவார்கள், ஒரு பாயிண்டின் மதிப்பு எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். அதுவும் ஒரே மதிப்பு கிடையாது. எச்டிஎஃப்சியின் ரெகாலியா கோல்டு கார்டையே எடுத்துக்கொள்வோம்: வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் விமானமோ ஓட்டலோ புக் செய்தால் ஒரு பாயிண்டுக்கு 50 பைசா, அதையே பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னால் 20 பைசா. ஆக, 10,000 பாயிண்ட் ஒரு பக்கம் 5,000 ரூபாய், இன்னொரு பக்கம் 2,000 ரூபாய். பில்லில் கழிப்பதுதான் சுலபம், அதனால்தான் நிறைய பேர் அங்கேயே கோட்டை விடுகிறார்கள்.

கணக்கு இதுதான். 150 ரூபாய்க்கு 3 பாயிண்ட், பாயிண்ட் 50 பைசா என்றால் 150 ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய், அதாவது 1 சதவீதம். எந்தக் கார்டானாலும் இப்படிச் சதவீதமாக்கிப் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு. அப்புறம், பாயிண்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கிற கார்டுகள் உண்டு, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றாதீர்கள். விதிகளும் அடிக்கடி மாறுகின்றன, வங்கித் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: எந்தக் கார்டு?

கடந்த சில மாத பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து வைத்துக்கொண்டு பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். வாடகை, பெட்ரோல், வாலட்டில் போடும் பணம் போன்றவற்றுக்குப் பல கார்டுகள் பாயிண்டே தருவதில்லை, அவற்றைக் கழித்து மிஞ்சும் தொகைதான் உங்கள் உண்மையான கணக்கு. ஆண்டுக் கட்டணம் 2,500 ரூபாய் என்றால் ஜிஎஸ்டியோடு 2,950. 1 சதவீதம் தரும் கார்டில் அந்தக் காசை எடுக்கவே 2,95,000 ரூபாய் செலவழிக்க வேண்டும்!

வருஷத்துக்கு ஒருமுறைகூட விமானம் ஏறாதவருக்கு டிராவல் கார்டு எதற்கு? அமேசான் பே ஐசிஐசிஐ மாதிரி ஆண்டுக் கட்டணமே இல்லாத கார்டு போதும். பிரைம் உறுப்பினருக்கு அமேசானில் 5 சதவீதம், மற்றவர்களுக்கு 3, வெளியே பெரும்பாலான செலவுக்கு 1. பாயிண்டுக் கணக்குத் தலைவலி இல்லை.

படி 3: மைலாக மாற்றுவது

பாயிண்டை ஏர்லைன்ஸின் மைலாக (டிக்கெட் எடுக்க ஏர்லைன்ஸே தரும் பாயிண்ட்) மாற்ற வழி தரும் கார்டுகளும் உண்டு. நல்ல மதிப்பு கிடைப்பதும் இங்கேதான், மாட்டிக்கொள்வதும் இங்கேதான். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போக சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைலைக் குறிவைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கிரிஸ்ஃபிளையர் கணக்கைத் திறந்து, உங்கள் தேதியில் மைலுக்கு சீட் இருக்கிறதா என்று தேடுங்கள், ஏனென்றால் மைலுக்கு ஒதுக்கும் சீட் கொஞ்சம்தான். சீட்டைப் பார்க்காமல் பாயிண்டை அனுப்பிவிட்டால் திரும்ப வாங்க முடியாது, அங்கே போன மைலுக்கு மூன்று வருடம்தான் ஆயுள்.

சீட் இருந்தாலும் உடனே அனுப்பாதீர்கள். டிக்கெட் 14,000 ரூபாய், மைலில் எடுத்தாலும் வரியாக 4,000 ரூபாய் கையிலிருந்து கட்ட வேண்டும், 20,000 பாயிண்ட் செலவு என்று வைத்துக்கொண்டால் (எண்கள் கணக்குக்காகத்தான்) மிச்சம் 10,000 ரூபாய், பாயிண்டுக்கு 50 பைசா. வங்கித் தளமே 50 பைசா தரும்போது இந்தச் சுற்று எதற்கு? ஒரு ரூபாய்க்கு மேல் வந்தால் யோசிக்காமல் அனுப்பலாம்.

படி 4: வெளிநாட்டில்

பல கார்டுகளில் அந்நியச் செலாவணிச் செலவுக்குக் கட்டணம் 3.5 சதவீதம், ஜிஎஸ்டியோடு 4.13. 1 சதவீதப் பாயிண்டுக்காக அந்தக் கார்டைத் தேய்த்தால் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் நஷ்டம், இந்தக் கட்டணம் குறைவான கார்டு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கடையில் மெஷின் இந்திய ரூபாயா, சிங்கப்பூர் டாலரா என்று கேட்கும். டாலரைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதம்தான், அது பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.