இரும்புச்சத்து மாத்திரையும் ஒரு கிளாஸ் தேயும்

போன வாரம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் தோசையை முடித்தார். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு சிவப்பு மாத்திரையைப் பிதுக்கி, தே தாரிக்கோடு மடக்கென்று விழுங்கினார். எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது.

கீரை சாப்பிடுங்கள், காலைப் பசியாறலை விடாதீர்கள் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதை உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். இரும்பு மாத்திரை போடுபவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மாத்திரையோடு தே

இரண்டாவது பிள்ளை பிறந்தபின் எனக்கு ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டும் 9.4தான். மருத்துவர் அளவை இரட்டிப்பாக்கினார், மலச்சிக்கல்தான் இரட்டிப்பானது. கடைசியில் ரத்தம் எடுத்த தாதி கேட்டார்: “எதோட முழுங்குறீங்கக்கா?”

“தேயோடதான்.”

அப்போது நான் உணவியல் படித்து முடித்து இரண்டு வருடம். வெட்கக்கேடு.

தேயிலையின் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும், குடலால் சரியாக உறிஞ்ச முடியாது. சந்தேகமிருந்தால் ஒரு மாத்திரையைப் பொடித்துத் தே ஓவில் (பால் சேர்க்காத தேயில்) கலக்கிப் பாருங்கள், மை மாதிரி கறுக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து மை காய்ச்சியதும் இதே கூத்துதான். காப்பியும் தடுக்கும். பாலும் கால்சியம் மாத்திரையும் அப்படியே.

சாப்பாட்டிலுள்ள இரும்புக்கும் இதே கதிதான். ஆட்டு ஈரலின் இரும்பு ஓரளவு தப்பிக்கும். பருப்பு, முருங்கைக்கீரை இரும்புதான் அதிகம் அடிபடும். சைவச் சாப்பாடு முடிந்த கையோடு தே குடிப்பவர்கள் கவனிக்க.

தேயை விடச் சொல்லவில்லை. ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரைக்குத் தண்ணீர், கூட ஒரு துண்டு கொய்யா. வைட்டமின் சி இரும்பை உள்ளே ஏற்றும்.

தெம்பு வந்ததும் நிறுத்துவது

ஹீமோகுளோபின் ஏறியபிறகும் உடம்பின் இரும்புக் கையிருப்பு காலியாகத்தான் இருக்கும். அது நிரம்ப மேலும் மூன்று மாதமாவது ஆகும். ஃபெரிட்டின் பரிசோதனையில் தெரியும்.

மலம் கறுத்ததும் பயப்படுவது

மாத்திரையின் வேலை அது. தார் போல ஒட்டி நாறினால் மட்டும் மருத்துவரிடம் ஓடுங்கள்.

பக்கத்து வீட்டு மாத்திரை

வேண்டாம். தலசீமியா கூறு (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) உள்ளவருக்கும் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டலாம், ஆனால் அவருக்கு இரும்பு போதாமல் இருக்க வேண்டுமென்பதில்லை. முதலில் பலதுறை மருந்தகத்தில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.