கல்ச்சர் பாசிட்டிவ்னு பாத்த உடனே செப்சிஸ் கோடு போட்றாதீங்க

யுஎஸ் இன்பேஷன்ட் சார்ட் பாத்து நோய்க்கு ஐசிடி-10 கோடு போடுற மெடிக்கல் கோடர்களுக்காக எழுதுறேன். செப்சிஸ்னா இன்ஃபெக்‌ஷனால உடம்பு முழுக்க பாதிக்குற ஆபத்தான நிலை. பிளட் கல்ச்சர்ல (ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட்) இ.கோலை பாக்டீரியான்னு பாத்ததும் கை தானா ஏ41.51-க்கு (இ.கோலை செப்சிஸ் கோடு) போகும், போக விடாதீங்க. லேப் ரிப்போர்ட்ட மட்டும் வச்சு நாம கோடு போட முடியாது, டாக்டர் நோட்ல வரணும். அவர் பாக்டீரீமியான்னு (ரத்தத்துல பாக்டீரியா இருக்குன்னு அர்த்தம்) மட்டும் எழுதியிருந்தா ஆர்78.81, கூடவே கிருமிக்கு பி96.20. செப்சிஸ்னு எழுதியிருந்தா ஏ41.51 மட்டும் போதும், கிருமி பேரு அதுக்குள்ளயே இருக்கு, ஆர்78.81 சேத்து போடக்கூடாது. எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப் பாக்டீரியா) செப்சிஸ்னா ஏ41.02.

தோல்ல சாதாரணமா இருக்குற கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃப் ஒரே ஒரு பாட்டில்ல வந்து டாக்டர் கன்டாமினன்ட்னு (ரத்தம் எடுக்கும்போது வெளியில இருந்து கலந்த கிருமி) எழுதிட்டா அதோட விட்ருங்க. அதே மாதிரி கல்ச்சர் நெகட்டிவ்ங்கிறதுக்காக டாக்டர் எழுதின செப்சிஸ நாமளா தூக்கவும் கூடாது. யூரோசெப்சிஸ்னு எழுதியிருந்தா அதுக்கு கோடே கிடையாது, கண்டிப்பா க்வெரி (டாக்டர்கிட்ட விளக்கம் கேட்டு எழுதுறது) போடணும்.

க்வெரிலதான் நிறைய பேர் சறுக்குறாங்க. அட்மிஷன் நோட்ல "யூடிஐயால செப்சிஸ்"னு (யூடிஐன்னா சிறுநீர்ப் பாதை இன்ஃபெக்‌ஷன்) இருக்கு, டிஸ்சார்ஜ் சம்மரில வெறும் யூடிஐ, கல்ச்சர்ல இ.கோலை, காய்ச்சல் 102.6, லாக்டேட் 4.1னு வைங்க. இத தேதியோட அப்படியே எழுதி, செப்சிஸ் கன்ஃபர்ம் ஆச்சா, இல்லனு ஆயிடுச்சா, செப்சிஸ் இல்லாத பாக்டீரீமியாவா, வேற ஏதாவதா, சொல்ல முடியலயான்னு அட்டெண்டிங் டாக்டர்கிட்ட (அந்த நோயாளிக்கு பொறுப்பான டாக்டர்) கேளுங்க. "செப்சிஸ்னு எழுதுங்க டாக்டர்"னு கேட்டா அது லீடிங் க்வெரி, ஆடிட்ல நிக்காது.

ஆர்65.20 (செப்சிஸால உறுப்பு பாதிச்சு, ஷாக் இல்லாத சிவியர் செப்சிஸ்) போடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ படிங்க, ப்ளீஸ். கிட்னி ஃபெயிலியர் செப்சிஸாலதான்னு டாக்டர் சொல்லியிருக்கணும், டீஹைட்ரேஷனாலன்னு எழுதியிருந்தா அது சிவியர் செப்சிஸ் ஆகாது, தெளிவா இல்லன்னா அதுக்கும் க்வெரிதான். இந்த ஒரு கோடு எம்சிசிங்கிறதால (பெரிய கூடுதல் சிக்கல்னு கணக்கு), ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ பணம்னு முடிவு பண்ற டிஆர்ஜி குரூப் 872-ல இருந்து 871-க்கு ஏறலாம், அதனாலதான் இன்ஷூரன்ஸ்காரங்க இத தேடி தேடி டினை பண்றாங்க. ஆர்65.20, ஆர்65.21 (செப்டிக் ஷாக்கோட சிவியர் செப்சிஸ்) ரெண்டுமே பிரின்சிபலா, அதாவது முதல் முக்கிய கோடா வராது.

சீக்வென்ஸ்ல, அட்மிட் ஆகும்போதே செப்சிஸும் நிமோனியாவும் இருந்தா செப்சிஸ்தான் முதல்ல. நிமோனியாவோட வந்து வார்டுல அப்புறமா செப்சிஸ் ஆச்சுன்னா நிமோனியா முதல்ல, செப்சிஸுக்கு பிஓஏ (அட்மிட் ஆகும்போதே இருந்துச்சாங்கிற குறி) 'என்', அதாவது இல்ல. சென்ட்ரல் லைனாலதான் இன்ஃபெக்‌ஷன்னு டாக்டர் எழுதியிருந்தா முதல்ல டி80.211ஏ (T80.211A, சென்ட்ரல் லைனால வந்த ரத்த இன்ஃபெக்‌ஷன்), அதுக்கு அப்புறம்தான் ஏ41 செப்சிஸ் கோடு. லைன் இருக்கு, கல்ச்சரும் பாசிட்டிவ்னு நீங்களா ரெண்டையும் முடிச்சு போடாதீங்க.