டிஸ்சார்ஜ், வாட்டர் பேஸ் மைக்குத் தாங்கும் எமல்ஷன்: எதை வாங்குவது, எப்படிக் கெட்டிப்படுத்துவது

துணி ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பிளாஸ்டிசாலில் (தண்ணீர் கலக்காத பிளாஸ்டிக் மை) அசையாமல் ஓடிய ஸ்கிரீன். அதே எமல்ஷன் (மெஷ் வலை மேல் பூசும், வெளிச்சத்தில் கெட்டியாகும் பூச்சு), அதே எக்ஸ்போசிங் நேரம் (அதற்கு வெளிச்சம் காட்டும் நேரம்). டிஸ்சார்ஜ் பேஸ்ட்டை (துணியின் சாயத்தை உரித்து டிசைன் எடுக்கும் தண்ணீர் மை) ஊற்றினால் மட்டும் கொஞ்ச நேரத்தில் எழுத்தின் ஓரம் கரைய ஆரம்பிக்கிறது, அப்புறம் பின்ஹோல் (ஊசித் துளை), அப்புறம் ஸ்க்வீஜி (மையை இழுக்கும் ரப்பர் பட்டை) போகும் வழியில் எமல்ஷன் தோல் மாதிரி உரிந்து வருகிறது. திருப்பூரில் சின்ன யூனிட் வைத்திருக்கிற பலரும் இந்த இடத்தில் கடைக்காரரிடம் போய் "இதைவிட ஸ்ட்ராங்கா வேற எமல்ஷன் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படி டப்பா டப்பாவாக மாற்றிப் பார்த்தவன்தான். எமல்ஷன் முக்கியம்தான். ஆனால் பாதிக்கு மேல் கோளாறு ஃபிலிமிலும் (டிசைனைக் கருப்பாக எடுத்த தெளிவான தாள்), காய வைப்பதிலும், எக்ஸ்போசிங்கிலும் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

பிரேமில் மெஷ் இழுத்து ஒட்டுவது, டிகிரீஸ் செய்வது (மெஷின் எண்ணெய்ப் பசையை எடுப்பது), மஞ்சள் விளக்கு அறை இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. தண்ணீர் மை ஏன் எமல்ஷனைத் தின்கிறது

எமல்ஷனின் அடிப்படைச் சரக்கு பாலிவினைல் ஆல்கஹால். அது தண்ணீரில் கரையும். அதனால்தான் எக்ஸ்போஸ் செய்த பிறகு வெளிச்சம் படாத இடம் தண்ணீரில் கழுவினால் போய்விடுகிறது. வெளிச்சம் பட்ட இடம் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிறது. பிளாஸ்டிசாலில் தண்ணீரே கிடையாது, ஆகவே பாதி மட்டும் கெட்டியான எமல்ஷனும் அதில் தப்பித்துவிடும். வாட்டர் பேஸ் மை அப்படி விடாது. பாதி வெந்த எமல்ஷனை நாள் முழுக்க ஊற வைத்து, மேலே ஸ்க்வீஜியால் தேய்க்கவும் செய்கிறது. டிஸ்சார்ஜ் பேஸ்ட்டில் இதோடு சாயத்தை உரிக்கும் சல்ஃபாக்ஸிலேட்டும், பல பேஸ்ட்களில் யூரியாவும் சேர்ந்துகொள்ளும். ஆக, பிளாஸ்டிசாலில் ஓடியது என்பது உங்கள் எக்ஸ்போசிங் சரி என்பதற்குச் சான்று அல்ல.

2. எமல்ஷன் வகை

கடையில் கிடைப்பது மூன்று குடும்பம்.

டயசோ: டப்பாவும், தனியாக ஒரு சின்ன பாட்டில் சென்சிடைசரும் (வெளிச்சத்தில் எமல்ஷனைக் கெட்டியாக்கும் சரக்கு) வரும். விலை குறைவு. எக்ஸ்போசிங் நேரத்தில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மெதுவானது, கலந்தபின் சில வாரங்களில் வீரியம் போய்விடும்.

போட்டோபாலிமர், அதாவது எஸ்பிக்யூ: கலக்க வேண்டியதில்லை, திறந்து பூசலாம். மாதக்கணக்கில் கெடாது, சில நொடிகளில் எக்ஸ்போஸ் ஆகும். அந்த வேகம்தான் புதியவர்களுக்கு எதிரி. சில நொடி தவறினாலே கதை மாறிவிடும்.

டூயல் க்யூர்: போட்டோபாலிமரோடு டயசோவும் சேர்ந்தது. வேகம் நடுத்தரம், தண்ணீருக்கும் நன்றாகத் தாங்கும், நேரத்திலும் விட்டுக்கொடுக்கும்.

டிஸ்சார்ஜ் வேலைக்கு இப்போதுதான் இறங்குகிறீர்கள் என்றால் டூயல் க்யூர் வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. குரோமாலைன் சிபி-டெக்ஸ் போன்றவை இந்த வகை. தண்ணீர் மைக்கென்றே செய்த எஸ்பிக்யூ எமல்ஷன்களும் இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் உங்கள் விளக்கும் கையும் ஒரு நிலைக்கு வந்த பிறகு அதற்குப் போகலாம்.

லேபிளில் ஒரு விஷயம் பாருங்கள். "சால்வென்ட் ரெசிஸ்டன்ட்" என்று எழுதியிருப்பது உங்களுக்கு உதவாது, அது பிவிசி, ஸ்டிக்கர் மாதிரி ஆயில் மைக்காரர்களுக்கு. உங்களுக்கு வேண்டியது "வாட்டர் ரெசிஸ்டன்ட்". இரண்டும் தாங்கும் என்று எழுதியவையும் உண்டு. லேபிளில் டிஸ்சார்ஜ் என்ற பேரே இல்லாவிட்டால், ஒரு கிலோ வாங்கிச் சோதித்துவிட்டு அப்புறம் பெரிய டப்பாவுக்குப் போங்கள்.

அப்புறம், பைக்ரோமேட். பழைய டேபிள் பிரிண்டிங் பட்டறைகளில் அம்மோனியம் பைக்ரோமேட் கலந்து பூசுவார்கள். மலிவு, கல் மாதிரி நிற்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவது, கழுவுகிற தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பார்த்த ஊர் இது. ஏற்றுமதி ஆர்டருக்கு வரும் ஆடிட்டும் இதை விடாது. தொடாதீர்கள்.

3. கலப்பது

சென்சிடைசர் பாட்டிலில் கோடு வரை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, டப்பாவில் கொட்டி, மரக்குச்சியாலோ பிளாஸ்டிக்காலோ கலக்குங்கள், இரும்புக் கரண்டி வேண்டாம். குமிழி அடங்க ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். கலந்த தேதியை டப்பா மேல் எழுதுங்கள்.

4. பூசுவது

டிஸ்சார்ஜுக்கு நான் 61டி முதல் 77டி வரை (சென்டிமீட்டருக்கு அத்தனை நூல்) மெஷ் எடுப்பேன், நுணுக்கமான வேலைக்கு 90டி. மஞ்சள் மெஷ்தான் வேண்டும். வெள்ளை மெஷ் நூல் வெளிச்சத்தை உள்ளுக்குள்ளேயே சிதறடித்துவிடும். மெல்லிய கோடுகள் அடைந்துகொள்ளும், அதைக் காப்பாற்ற நீங்கள் எக்ஸ்போசிங் நேரத்தைக் குறைப்பீர்கள், நேரத்தைக் குறைத்தால் எமல்ஷன் வேகாது. மஞ்சள் மெஷுக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும், கோடும் கெடாது. விலையில் இருக்கும் வித்தியாசம் ஒரு ஸ்கிரீன் கிழிந்தாலே போய்விடும்.

பிரிண்ட் பக்கம் (துணியைத் தொடும் பக்கம்) ஒன்று அல்லது இரண்டு பூச்சு, ஸ்க்வீஜி பக்கம் ஒன்று. கோட்டரின் (எமல்ஷன் பூசும் தொட்டி) உருண்டை விளிம்பில் பூசினால் கனமாக வரும், கூர் விளிம்பில் மெல்லிசாக வரும். தாங்கட்டும் என்று கனமாகப் பூசினால் உள்வரை வெளிச்சம் போகாது, எதிர்மாறாகத்தான் முடியும்.

5. காய வைப்பது

பிரிண்ட் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்துக் காய வையுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாடியில் போட்ட வடாம் மேலே மொறுமொறுவென்று இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும் இல்லையா, இதுவும் அப்படித்தான். ஈரம் இருக்கும் எமல்ஷனில் எத்தனை நேரம் வெளிச்சம் அடித்தாலும் பிணைப்பு முழுசாக உண்டாகாது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், பேஸ்ட் ஊற்றிய பிறகுதான் குட்டு வெளிப்படும்.

சித்திரையில் இந்தத் தொல்லை தெரியாது. ஐப்பசி அடைமழையில் எல்லா யூனிட்டிலும் ஒரே நேரத்தில் ஸ்கிரீன் உரிய ஆரம்பிக்கும், பழி எமல்ஷன் கம்பெனி மேல் விழும். ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி அறையில் மாட்டுங்கள், விலை சில நூறு ரூபாய்தான். 50 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் நிம்மதி, 40 என்றால் இன்னும் நல்லது. சின்ன அறையாக அடைத்து டீஹியூமிடிஃபையர் வைப்பது என் சிபாரிசு. மின்விசிறி மட்டும் போட்டால் அதே ஈரக்காற்று சுற்றிச் சுற்றி வரும். ஆடி மாதம் ஜன்னலைத் திறந்து வைத்துக் காய வைக்காதீர்கள், காற்றில் வரும் தூசி ஒவ்வொன்றும் ஒரு பின்ஹோல்.

6. ஃபிலிமும் எக்ஸ்போசிங்கும்

இங்கேதான் நான் ரொம்ப நாள் மல்லுக்கட்டியது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

எக்ஸ்போசிங் நேரத்தை ஏன் குறைக்கிறோம்? நேரம் கூட்டினால் டிசைன் கழுவி வெளியே வர மறுக்கிறது. ஏன் மறுக்கிறது? ஃபிலிமில் உள்ள கருப்பு, கருப்பாக இல்லை. சாதா இங்க்ஜெட்டில் எடுத்த ஃபிலிமை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடியுங்கள். கருப்பு இடத்தின் வழியே வெளியில் இருக்கும் மரம் லேசாகத் தெரிந்தால், அந்த வழியே யூவியும் போகிறது என்று அர்த்தம். டிசைன் இருக்கும் இடமும் மெல்ல வேக ஆரம்பிக்கும், நீங்கள் பயந்து நேரத்தைக் குறைப்பீர்கள். முதலில் ஃபிலிமைச் சரி செய்யுங்கள்: மை அளவை அதிகமாக வைத்து எடுப்பது, அதற்கென்றே உள்ள ஃபிலிம் தாள், ரிப் மென்பொருள் (பிரிண்டர் விடும் மையின் அளவைக் கட்டுப்படுத்துவது). முடியாவிட்டால் வெளியே கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். லேசர் பிரிண்டரில் டிரேசிங் ஷீட்டில் எடுப்பது டிஸ்சார்ஜ் வேலைக்கு வேண்டாம்.

அடுத்தது நேரம் கண்டுபிடிப்பது. இப்போது நீங்கள் கொடுப்பது 60 நொடி என்றால், ஒரே ஸ்கிரீனில் 30, 60, 90, 120, 150 என்று ஐந்து பட்டை வர வேண்டும். ஃபிலிமை ஒட்டி ஸ்கிரீனைக் கண்ணாடி மேல் வையுங்கள். முதலில் முழுதும் திறந்து 30 நொடி. பிறகு கண்ணாடிக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவே கருப்பு அட்டையைச் செருகி, ஒரு பங்கை மறைத்து இன்னொரு 30. அட்டையை அடுத்த பங்கு வரை தள்ளி இன்னொரு 30. கடைசிப் பட்டைக்கு 150 வரும்வரை இப்படியே.

கழுவிக் காய வைத்து, பகல் வெளிச்சத்தில் பிரிண்ட் பக்கத்தைப் பாருங்கள். டயசோ மஞ்சளாக இருக்கும், வெளிச்சத்தில் செலவாகச் செலவாக மஞ்சள் வெளுக்கும். முதல் பட்டைகளில் நிறம் படிப்படியாக மாறும். ஒரு இடத்தில் பக்கத்துப் பட்டைக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. அந்த இரண்டில் குறைந்த நேரம்தான் உங்கள் நேரம். ஐந்திலுமே நிறம் மாறிக்கொண்டே போனால், 150க்கும் மேலே போக வேண்டும் என்று பொருள். 60 கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு 120க்கு மேல் வருவது சாதாரணமாக நடக்கும்.

இந்த நிறச் சோதனை டயசோவுக்கும் டூயல் க்யூருக்கும் மட்டும். எஸ்பிக்யூவில் நிறம் காட்டிக்கொடுக்காது. அதற்கு 21 படி ஸ்டெப் வெட்ஜ் ஃபிலிம் (படிப்படியாகக் கருப்பு கூடும் சோதனைப் பட்டை) வைத்து, ஏழாவது படி கழுவினாலும் போகாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

எந்த எமல்ஷனானாலும் விரல் சோதனை உண்டு. கழுவும்போதே ஸ்க்வீஜி பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுங்கள். வெளிச்சம் பிரிண்ட் பக்கத்திலிருந்து வருவதால் கடைசியாக வேகும் இடம் அது. வழுவழுவென்று பாசி மாதிரி வந்து, விரலில் எமல்ஷன் நிறம் ஒட்டினால் வேகவில்லை. கெட்டியாக, நூலின் சொரசொரப்பு தெரிய இருந்தால் சரி.

விளக்கு பற்றி ஒரு வார்த்தை. மெட்டல் ஹாலைடு பல்பு பழசாகும்போது கண்ணுக்குப் பளிச்சென்றே எரியும், யூவி மட்டும் குறைந்துகொண்டே போகும். ஆகவே பட்டைச் சோதனையை அவ்வப்போது திரும்பச் செய்யுங்கள், புதுப் பல்பு மாட்டியதும் கட்டாயம். வெயிலில் எக்ஸ்போஸ் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் பத்து மணி வெயிலும் மூன்று மணி வெயிலும் ஒன்றல்ல, டிஸ்சார்ஜுக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

7. கழுவிய பிறகு

முழுசாகக் காய்ந்ததும் வெயிலிலோ விளக்கிலோ மறுபடி காட்டுங்கள், இந்த முறை ஸ்க்வீஜி பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கட்டும். வெயிலில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். இது ஏற்கெனவே சரியாக வெந்ததை இன்னும் கெட்டியாக்கும். வேகாததைக் காப்பாற்றாது, ஏனென்றால் செலவாகாத டயசோ கழுவும்போதே தண்ணீரோடு போயிருக்கும்.

ஹார்டனர் (எமல்ஷனைக் கெட்டியாக்கும் கெமிக்கல்) பூசலாமா? பெரிய ஆர்டர், ரிப்பீட் வரும் டிசைன் என்றால் பூசுங்கள். பிறகு அந்த ஸ்கிரீனை ஸ்ட்ரிப் செய்து (எமல்ஷனைக் கரைத்து எடுத்து) மறுபடி பயன்படுத்துவது பெரும்பாலும் நடக்காது, மெஷ் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது, நூறு பீஸுக்கு ஹார்டனர் தேவைப்படுகிறது என்றால் ஆறாவது பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

பேஸ்ட் ஊற்றும் முன் கடைசிச் சோதனை: டிசைன் இல்லாத மூலையில் ஆக்டிவேட்டர் (சாயத்தை உரிக்கும் சரக்கு) கலந்த பேஸ்ட் ஒரு கரண்டி வைத்து, காயாமல் ஈரத்துணியால் மூடி, ஒரு மணி நேரம் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். அந்த இடம் இளகாமல் இருந்தால் டேபிளுக்கு எடுத்துப் போகலாம்.

8. ஓட்டும்போது

பின்ஹோலையும் ஓரத்தையும் அதே எமல்ஷனால் அடைத்து, மறுபடி எக்ஸ்போஸ் செய்யுங்கள். பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் தண்ணீரில் நெகிழ்ந்து, அடியில் பேஸ்ட் புகுந்துவிடும். ஸ்க்வீஜி ரப்பரின் ஓர முனைகளை லேசாக உருட்டித் தேய்த்துவிடுங்கள், கூர்முனை ஒரே கோட்டில் உழுதுகொண்டே போகும். மெஷ் அடைத்தால் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள், முரட்டுத் துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் சிலர் கேட்டவை.

எல்இடி விளக்கு: இதில் யூவி ஒரு குறுகிய அலைநீளத்தில் மட்டும் வரும், பெரும்பாலும் 395 முதல் 405 நானோமீட்டர். சில எமல்ஷனில் மேல் தோல் சீக்கிரம் வெந்து உள்ளே பச்சையாக நிற்கும். எமல்ஷனின் டேட்டா ஷீட்டில் எல்இடிக்கு ஏற்றது என்று இருக்கிறதா பாருங்கள், விரல் சோதனையை விடாதீர்கள்.

பட்டைச் சோதனை சரி, ஆனாலும் உரிகிறது: கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் கலந்து இரண்டு மாதமான டயசோ, இல்லையென்றால் மெஷில் எண்ணெய்ப் பசை. புது மெஷையும் டிகிரீஸ் செய்யாமல் பூசக்கூடாது.

ஸ்ட்ரிப்பர் போட்டும் எமல்ஷன் போகவில்லை: வேலை முடிந்த உடனே பேஸ்ட்டைக் கழுவாமல் சாப்பிடப் போயிருப்பார்கள். பேஸ்ட்டில் உள்ள பைண்டர் (மையைத் துணியில் பிடிக்க வைப்பது) காய்ந்து எமல்ஷன் மேல் படலமாகப் படிந்துவிட்டால் ஸ்ட்ரிப்பர் உள்ளே இறங்காது. முதலில் மை நீக்கும் கெமிக்கலால் அந்தப் படலத்தை எடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பர் போடுங்கள். போட்டதைக் காய விடாமல் பிரஷால் தேய்த்து, பிரஷர் வாஷரில் அடித்துவிடுங்கள், காய்ந்தால் அந்த எமல்ஷன் மெஷோடு நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும்.